சாயமும் சட்டையும்

ஒருவனுடைய பொய்வேடம் கலைந்து உண்மை வெளிப்படும்போது, ‘அவன் சாயம் வெளுத்துவிட்டது’ என்று கூறுவது தமிழ் மக்களின் வழக்கம். இச்சிறு தொடரில் ஒரு தொழிலின் அறிவு அடங்கியிருக்கின்றது. சாயங்களுள் சில துணியின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பவை. வேறு சில துணியின் இழைக்குள்ளே புகுந்து அதனோடு ஒன்றாகிவிடுபவை. முன்னவை நீர் பட்டவுடன் நீங்கத் தொடங்கும். பின்னவை துணி கிழியும்வரை அதனை விட்டு நீங்கமாட்டா. புதிய துணியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றின் வேறுபாட்டை உள்ளவாறு அறிவிப்பவை நீர், சவுக்காரம், வெயில் என்னும் மூன்றே. ஆகவே, தம் வீட்டிலேயே துணிக்குச் சாயமிட்டு, அதனைத் தம் கையாலேயே சட்டையாகத் தைக்க விரும்புவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்நிறம் அழகியதா?’ என்பதன்று, ‘இந்நிறம் நிலைக்குமா?’ என்பதே ஆகும்.

நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரியின் கதையை அறியாத சிறுவர் இலர். நீல நிறம் பெற்ற நரி காட்டுக்குத் திரும்பித் தன்னை அரசன் என்று கூறிக்கொண்டது. மழையில் அதன் சாயம் கரைந்துபோயிற்று என்று இக்கதையைச் சிலர் முடிப்பர். ஆனால், பஞ்சதந்திரத்தின் பழைய கதையில் மழையும் இல்லை. சாயம் கரைதலும் இல்லை. மற்ற நரிகள் ஊளையிடக் கேட்ட அந்நரி, தானும் தன்னை மறந்து ஊளையிட்டது. அதன் குரலே அதனைக் காட்டிக்கொடுத்தது. அக்கதையை ஆக்கியோர் சாயத் தொழிலை நன்கு அறிந்தவர் போலும்! அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலம் எளிதில் வெளுப்பதன்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இத்தொழில் நம் நாட்டிற்கு மிகப் பழையது. மொகஞ்சதாரோ அகழ்வில் ஒரு வெள்ளிக் கலத்தோடு ஒட்டிக் கிடந்த சிறு பருத்தித் துணித்துண்டு கிடைத்தது. அது மஞ்சிட்டி வகைச் சிவப்புச் சாயம் ஏறியது என்று அதனை ஆராய்ந்தோர் கண்டனர். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் அகழ்வு நடத்திய மார்டிமர் வீலர், அங்கு வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவை ஆகலாம் என்று கருதினார். நீல நிறக் கச்சை கட்டிய மறவனைப் புறநானூறு காட்டுகின்றது. யவன வீரர் அணிந்த சட்டையை முல்லைப்பாட்டு ‘மெய்ப்பை’ என்னும் அழகிய சொல்லால் குறிக்கின்றது. மெய்யைத் தன்னுள் இட்டுக்கொள்ளும் பை என்பது அதன் பொருள். ‘துணி’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. நெய்த பாவிலிருந்து துணிக்கப்படுவது துணி, அறுக்கப்படுவது அறுவை. வெட்டுதலே இத்தொழிலின் இன்றியமையாத செயல் என்பதை இச்சொற்களே உணர்த்துகின்றன.

சாயமிடுவதற்கு முதலில் வேண்டுவது தக்க துணி. செடிகொடிகளிலிருந்து எடுக்கும் சாயங்களைப் பருத்தியும் பட்டும் கம்பளமும் ஏற்கும். பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் அவற்றை நன்கு ஏற்கமாட்டா. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அல்லது சிறுமிக்கு அரைக்கைச் சட்டை ஒன்று தைக்க, 90 சென்டிமீட்டர் அகலமுள்ள கைத்தறிப் பருத்தித் துணி ஒன்றரை மீட்டர் போதும். அதன் எடை ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். சாயத் தொழிலில் பொருள்களின் அளவைத் துணியின் நீளத்தைக் கொண்டன்றி, உலர்ந்த துணியின் எடையைக் கொண்டே கணக்கிடுவர். ஆதலின், துணியை முன்னரே நிறுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

தறியிலிருந்து வந்த புதுத்துணி தூய்மையாகத் தோன்றினும் உண்மையில் தூய்மையானதன்று. நெய்வதற்கு முன் பாவில் ஏற்றிய கஞ்சி அதில் இருக்கும். பருத்திக்கு இயல்பாக உள்ள மெழுகும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். இவற்றைப் போக்காமல் சாயமிட்டால் நிறம் திட்டுத் திட்டாகவே படியும். துணியை 6 லிட்டர் நீரில் இட்டு, ஒரு சிட்டிகை அன்று, இரண்டு தேக்கரண்டியளவு சலவைச் சோடாவும் சிறிது சவுக்காரமும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தல் வேண்டும். அந்நீர் பழுப்பு நிறம் அடைவதைக் கண்டு, வெள்ளைத் துணியிலிருந்து இவ்வளவு அழுக்கா என்று பலர் வியப்பர். பின்னர்த் துணியை நன்றாக அலசி உலர்த்தி, அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். அச்சொட்டு முத்துப்போல் நின்றால் துணி இன்னும் தூய்மையாகவில்லை; விட்ட இடத்திலேயே உடனே சுவறிவிட்டால் துணி சாயத்திற்கு ஆயத்தமாயிற்று.

இவ்வாறு கொதிக்கவைப்பதில் மற்றொரு பயனும் உண்டு. பருத்தித் துணி முதன்முறை நனையும்போது சுருங்கும். கைத்தறித் துணியில் மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர்வரை குறைதலும் உண்டு. தைத்த பின்னர்ச் சுருங்கினால் சட்டை உடலுக்குப் பற்றாது. தைப்பதற்கு முன்னரே சுருங்கிவிட்டால் தீங்கில்லை. எனவேதான், முதலில் துவைத்து, அடுத்துச் சாயமிட்டு, அதன்பின் வெட்டித் தைத்தல் என்னும் முறையை அறிந்தோர் கைக்கொள்வர்.

சாயத்திற்கு எதனைக் கொள்வது? வீட்டில் எப்போதும் உள்ள மஞ்சளே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். மஞ்சள் துணியில் மிக எளிதாகவும் மிக ஒளியோடும் ஏறும். ஆனால், அதன் அழகு சில நாள் அழகே. வெயிலில் உலர்த்த உலர்த்த அது வெளிறிப்போகும். சவுக்காரம் பட்டால் செந்நிறமாக மாறும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் ஆலத்தி நீர் சிவப்பதை அனைவரும் கண்டிருப்பர். அதே மாற்றம் துணியிலும் நிகழ்கின்றது. நாள்தோறும் துவைக்கும் சட்டைக்கு அது பொருந்தாது. அதற்கு மாறாக, தின்றபின் எறிந்துவிடும் மாதுளம்பழத்தின் தோல், பார்வைக்கு எளியதாயினும், நிலைத்து நிற்கும் பழுப்புமஞ்சள் நிறத்தைத் தரும். முன்னது விருந்தினன் போல் வந்து செல்வது; பின்னது வீட்டாரைப் போல் தங்குவது.

எனினும், மாதுளந்தோல்தானும் தானாகப் பருத்தியில் உறுதியாகப் பற்றிக்கொள்ளாது. சாயத்திற்கும் இழைக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைக்கும் ஒரு பொருள் வேண்டும். அதற்கு நிறமூன்றி என்று பெயர். நம் நாட்டுச் சாயக்காரர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் நிறமூன்றி படிகாரம் ஆகும். படிகாரமும் பருத்தியோடு எளிதில் சேர்வதில்லையாதலால், அதற்கு முன் கடுக்காயை இடுவர். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள் பருத்தி இழையைப் பற்றும். அத்துவர்ப்புப் பொருளைப் படிகாரம் பற்றும். படிகாரத்தைச் சாயம் பற்றும். ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்கும் சிறுவர் வரிசை போன்றது இது. இடையில் ஒரு கை நழுவினால் வரிசை முழுவதும் சிதறும்.

செய்முறை பொறுமையை வேண்டுவது. 40 கிராம் கடுக்காய்த் தோலைப் பொடித்து ஓர் இரவு நீரில் ஊறவைத்து வடிகட்டுதல் வேண்டும். அந்நீரில் துணியைச் சில மணி நேரம் ஊறவிட்டு, பிழிந்து, அலசாமல் வெயிலில் உலர்த்துதல் வேண்டும். துணி இளமஞ்சளாக மாறியிருக்கும். அடுத்து, 40 கிராம் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து, துணி மூழ்குமளவு நீர் சேர்த்து, அதில் துணியை ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் இலேசாக அலசுதல் வேண்டும். இதற்கிடையே உலர்ந்த மாதுளந்தோல் 100 கிராம் எடுத்து நொறுக்கி, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துச் சாற்றை வடித்துக்கொள்ளலாம். இளஞ்சூடான அச்சாற்றில் நனைந்த துணியை இட்டு, மெல்ல மெல்லச் சூட்டை மிகுவித்து, ஒரு மணி நேரம் கழியால் புரட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். புரட்டுவதை நிறுத்தினால் மடிப்புகளில் சாயம் செல்லாது. அங்கு வெளிர்க்கோடுகள் விழும். சாறு ஆறும்வரை துணி அதிலேயே கிடந்தால் நிறம் மேலும் ஆழமாகும். பின்னர் நிழலில் உலர்த்தி, சில நாள் கழித்தே சவுக்காரம் இட்டு அலசுவர்.

துணியோடு கூடவே தைக்கும் நூலையும் சாயமிட மறத்தலாகாது. பருத்தி நூலைக் கண்டிலிருந்து பிரித்துத் தளர்ந்த சுற்றாகக் கட்டி, அதே கலத்தில் இட்டால் துணிக்கும் நூலுக்கும் ஒரே நிறம் அமையும். சாயமிடும் கலம் எவர்சில்வரால் ஆனதாகவோ, பழுதற்ற எனாமல் பூச்சுடையதாகவோ இருத்தல் நன்று. இரும்புக் கலம் ஆகாது. கடுக்காயேறிய துணியில் இரும்பு சிறிது பட்டாலும் அவ்விடம் கறுத்துவிடும். பிழையாக நேரும்போது இது கறை; அறிந்து செய்யும்போது இதுவே கலை. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பலநாள் புளிக்கவைத்து எடுக்கும் நீரால்தான் கலங்காரி ஓவியர் கடுக்காய்த் துணியின்மேல் கரிய கோடுகளை எழுதுகின்றனர். தமிழ்நாட்டின் கருப்பூர்க் கலங்காரி ஓவியங்களுக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

சாயத்திற்கு வைத்த கலத்தையும் கரண்டியையும் மீண்டும் சமையலுக்கு எடுத்தலாகாது. அடுப்பையும் சுடுநீரையும் சுண்ணாம்பையும் கையாளும்போது சிறுவருடன் பெரியோர் ஒருவர் இருத்தல் வேண்டும். செடியிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது.

நீல நிறம் பெறும் வழி முற்றிலும் வேறானது. அதற்குப் படிகாரமும் கடுக்காயும் வேண்டுவதில்லை. அவுரி இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச்செய்து, வடித்த நீரை நெடுநேரம் அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதனை வடித்து உலர்த்திக் கட்டிகளாக்குவர். திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதிகளில் அவுரிப் பயிர் இன்றும் உண்டு. இந்நீலக் கட்டியின் வியப்பு யாதெனில், அது நீரில் கரையவே கரையாது. கரையாத பொருள் இழைக்குள் எங்ஙனம் புகும்? அதற்கு நம் நாட்டார் கண்ட வழி நுட்பமானது. நீலத்தோடு சுண்ணாம்பையும், தகரை விதையை வேகவைத்த கூழையோ வெல்லத்தையோ சேர்த்துப் பெரிய தாழியில் மூடிவைப்பர். தாழிக்குள் பிராணவாயு குறைந்து, நீலம் தன் நிறத்தை இழந்து, பசுமஞ்சள் நீராகக் கரைந்துவிடும். அதில் துணியை ஆழ்த்தி எடுத்தால் முதலில் பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சை நீலமாக மாறும். கரைந்து உள்ளே சென்ற பொருள் காற்றில் உள்ள பிராணவாயுவோடு கூடி, மீண்டும் கரையாத பொருளாகி, இழைக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகின்றது. பலமுறை ஆழ்த்தி எடுத்தால் நிறம் கருநீலம்வரை செல்லும். மாதுளந்தோல் மஞ்சள் ஏறிய துணியை ஒருமுறை இத்தாழியில் ஆழ்த்தினால் இனிய பச்சை நிறம் கிடைக்கும்.

இந்த அறிவைத் தேடி ஐரோப்பியர் கடல் கடந்து வந்தனர். சோழமண்டலக் கரையில் விளைந்த சாயவேர் தந்த சிவப்பும், அவுரி தந்த நீலமும் ஏறிய பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் விரும்பி வாங்கப்பட்டன. எத்தனை முறை துவைத்தாலும் அவற்றின் நிறம் மங்காதிருந்தது அங்குள்ளோருக்குப் பெருவியப்பாயிற்று. உள்நாட்டு நெசவாளர் பிழைப்புக் கெடும் என அஞ்சிப் பிரான்சு 1686-ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து அதனை அடுத்த சில பத்தாண்டுகளிலும் அத்துணிகளைத் தடுக்கச் சட்டம் இயற்றின. புதுச்சேரியில் இருந்த கோர்டு என்னும் பாதிரியார், இங்குள்ள சாயக்காரரிடம் கேட்டறிந்த முறைகளை 1742-ஆம் ஆண்டில் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். தலைமுறை தலைமுறையாகத் தந்தை மகனுக்குக் கைவழியே கற்பித்த தொழில், அவ்வாறு ஏட்டில் ஏறி வெளிநாடு சென்றது. அதனைக் கண்டறிந்து வளர்த்தவர்களுடைய பெயர்களோ ஓர் ஏட்டிலும் ஏறவில்லை.

சாயத்தின் வரலாற்றில் கண்ணீரும் கலந்திருக்கின்றது. வங்காளத்தில் தோட்ட முதலாளிகள் உழவரை வற்புறுத்தி அவுரி பயிரிடச் செய்தனர். உணவுப் பயிருக்குரிய நிலம் நீலத்திற்குப் போயிற்று. உழவர் கடனில் ஆழ்ந்தனர். 1859-ஆம் ஆண்டில் அவர்கள் ஒன்றுபட்டு எதிர்த்தெழுந்தனர். பீகாரைச் சேர்ந்த சம்பாரணிலோ, இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கில் அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்னும் கட்டாயம் நெடுநாள் நீடித்தது. 1917-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்குச் சென்று உழவரின் குறைகளைக் கேட்டு எழுதி, அவர்களுக்காக அறப்போர் தொடங்கினார். மறு ஆண்டில் அக்கட்டாயம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதற்குள் சாயத் தொழிலின் போக்கே மாறியிருந்தது. 1856-ஆம் ஆண்டில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது ஆங்கில இளைஞர், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, எதிர்பாராமல் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் கையாண்ட மூலப்பொருளின் பெயர் அனிலின். நீலம் என்னும் இந்தியச் சொல்லே அரபு மொழியில் புகுந்து, ‘அனில்’ என்று திரிந்து, அப்பெயருக்கு அடியாயிற்று. 1868-இல் மஞ்சிட்டிச் சிவப்பையும் செயற்கையாகச் செய்தனர். 1897-இல் செருமானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். சில ஆண்டுகளுள் இந்திய அவுரியின் ஏற்றுமதி பெரிதும் வீழ்ந்தது. ஆனால், புதிய சாயங்கள் எளிய மக்களும் பல நிற ஆடை அணியும் நிலையை உண்டாக்கின என்பதையும் மறுத்தலாகாது. செல்வர்க்கே உரியனவாக இருந்த சில நிறங்கள் எல்லார்க்கும் உரியனவாயின.

இனித் தையலுக்கு வருவோம். சாயமேறிய துணி மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அதன்பின் ஏழு நாள் உழைப்பு இருக்கின்றது. கத்தரிக்கோலை எடுக்கும் கை சிறிது தயங்கும்; அத்தயக்கம் நல்லதே. சாயம் குறைந்தால் மீண்டும் ஏற்றலாம். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டிய துணியை மட்டும் மீண்டும் ஒட்ட இயலாது. எனவே, அளப்பதில் காட்டும் பொறுமையே வெட்டுவதற்கு வேண்டிய துணிவைத் தரும்.

அணிபவரின் மார்புச் சுற்று 72 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சட்டை உடலை இறுக்காமல் இருக்க 16 சென்டிமீட்டர் கூட்டினால் 88 ஆகும். முன்புறத்திற்கும் பின்புறத்திற்கும் பாதி பாதியாக 44. இருபக்கத் தையலுக்கும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் விட, உடற்பகுதியின் அகலம் 48 ஆகும். சட்டையின் உயரம் 60, கீழ்மடிப்புக்கு 3, ஆக 63. தோளில் வெட்டாமல் துணியை மடித்தே முன்னும் பின்னும் அமைப்பதால், நீளம் இருமடங்காக 126 சென்டிமீட்டர். துணியின் ஒருபுறம் இதனை வெட்டியபின் மறுபுறத்தில் நீண்ட பட்டை ஒன்று எஞ்சும். அதிலிருந்து கைக்கு 40 அகலமும் 30 நீளமும் உள்ள இரண்டு துண்டுகள், அக்குளுக்கு 12 சென்டிமீட்டர் சதுரமான இரண்டு துண்டுகள், ஒரு பை, கழுத்தின் உட்பட்டி ஆகிய அனைத்தையும் எடுத்துவிடலாம். எல்லாத் துண்டுகளும் நேர்கோட்டால் ஆனவை. ஆதலின் வீணாகும் துணி மிகச் சிறிதே. சாயமிட்டுத் தந்த உழைப்பு குப்பைக்குச் செல்வதில்லை.

வெட்டும்போது பாவின் ஓட்டத்தை நோக்குதல் வேண்டும். துணியின் கரைக்கு இணையாகச் செல்லும் நூல்கள் பாவு. குறுக்கே செல்பவை ஊடை. பாவு மேலிருந்து கீழாக அமையுமாறு வெட்டினால் சட்டை நேராகத் தொங்கும். சாய்வாக வெட்டிவிட்டால், சில முறை துவைத்தபின் ஒரு பக்கம் இழுபட்டுக் கோணலாகும். அக்குளில் வைக்கும் சிறு சதுரத்தையும் வீண் வேலை என்று கருதுதல் தவறு. கையை உயர்த்தும்போது இழுவை முழுவதும் அவ்விடத்தில்தான் விழுகின்றது. சதுரத் துண்டு அங்கு இடம் கொடுத்து நிற்கும். அஃது இல்லாத நேர்வெட்டுச் சட்டை முதலில் கிழிவது அங்கேயே.

தைக்கும் வரிசைக்கும் காரணம் உண்டு. துணி தட்டையாக இருக்கும்போதே கழுத்தை வெட்டி உட்பட்டியை வைத்துத் தைத்து, பையையும் பொருத்திவிட வேண்டும். அதன்பின் தோள் மடிப்பின் நடுவில் கைத்துண்டின் நடு அமையுமாறு கைகளை இணைத்து, அக்குட் சதுரங்களை வைத்து, கையின் அடியிலிருந்து இடுப்புவரை இரு பக்கங்களையும் தைக்க வேண்டும். இறுதியாகக் கீழ்மடிப்பு. முதலில் நீண்ட தற்காலிகத் தையல் ஓட்டி, சட்டையை ஒருமுறை அணிவித்துப் பார்த்தபின் உறுதியான தையல் இடுவது அறிவுடைமை. நூல் முழங்கையளவுக்குமேல் நீளுமாயின் முறுக்கேறிச் சிக்குண்ணும். நீண்ட நூலால் விரைந்து முடிக்கலாம் என்று எண்ணுவோர் சிக்கெடுப்பதிலேயே பொழுதைப் போக்குவர்.

இழுவை விழும் பக்கங்களில் ஒவ்வொரு தையலும் சிறிது பின்சென்று முன்வரும் பின்தையல் வேண்டும். அதில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றவை உடனே அவிழ்ந்துவிடமாட்டா. வெட்டுவாயை அப்படியே விட்டுவிடுதலும் ஆகாது. கைத்தறித் துணியில் இழைகள் எளிதில் உதிரும். இரண்டு ஓரங்களில் ஒன்றைப் பாதியாகக் கத்தரித்து, மற்றதை அதன்மேல் மடித்து அமர்த்தி மீண்டும் தைத்தால், வெட்டுவாய் முழுவதும் உள்ளே மறையும். அச்சட்டையைப் புரட்டிப் பார்த்தாலும் உட்புறம் வெளிப்புறத்தைப் போலவே செம்மையாக இருக்கும். பிறர் காணாத பக்கத்தையும் திருத்தமாகச் செய்வதே நல்ல தொழிலாளியின் அடையாளம்.

சட்டை முடிந்தபின் கலத்தில் எஞ்சிய சாயநீரை என்செய்வது? இது சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆனால், நொய்யல் ஆற்றின் கரையில் வாழ்ந்த உழவர்க்கு இதுவே வாழ்வா சாவா என்னும் கேள்வியாயிற்று. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறு தந்தது. அதன் சாயப்பட்டறைகளின் கழிவுநீரோ அவ்வாற்றில் கலந்து நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. பாசனத்திற்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் உப்பும் சாயமும் கலந்த நீர் தேங்கியது. வழக்குகள் பல நடந்தபின், 2011-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரை ஆற்றில் விடாமல் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் முறையை அமைத்த பின்னரே அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன. வேலை இழந்த தொழிலாளர் ஒருபுறம், நிலம் இழந்த உழவர் ஒருபுறம் என, ஒரு சட்டையின் நிறத்திற்கு இத்தனை பேர் விலை கொடுத்தனர்.

வீட்டில் ஒரு துணிக்குச் சாயமிடுவோர் தம் கலத்து நீரையும் கிணற்றடியிலோ குளத்திலோ கொட்டுதல் ஆகாது. எஞ்சிய சாற்றில் மற்றொரு சிறு துணியை இட்டு அதன் நிறத்தை முழுவதும் வாங்கிக்கொள்ளலாம். படிகார நீரை, மேலும் படிகாரம் சிறிது சேர்த்து, மறுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். இறுதியில் மிஞ்சுவதை மிகுந்த நீர் கலந்து, பயிரில்லாத வெற்றிடத்தில் சிறிது சிறிதாக விடலாம். ஒரு கலத்து நீரைப் பற்றி இவ்வளவு எண்ணிப் பழகியவர், ஓர் ஆற்றைப் பற்றியும் எண்ணாமல் இருக்கமாட்டார்.

கடையில் சில நிமிடங்களில் வாங்கிவிடும் சட்டைக்கு ஏன் பல நாள் உழைக்க வேண்டும் என்று சிலர் வினவலாம். எல்லாரும் எல்லா ஆடைகளையும் வீட்டிலேயே செய்துகொள்ள இயலாது, செய்யவும் வேண்டுவதில்லை. ஆயினும், வாழ்நாளில் ஒரு சட்டையையேனும் தொடக்கமுதல் இறுதிவரை தானே செய்து பார்த்தவர் பிறர் செய்த ஆடையை எளிதாக நினைக்கமாட்டார். மலிந்த விலைக்குக் கிடைக்கும் சட்டையிலும் நூற்றவர், நெய்தவர், சாயமிட்டவர், வெட்டியவர், தைத்தவர் ஆகிய பலருடைய கைகள் மறைந்திருப்பதை அவர் காண்பார். தம் சட்டையின் முழங்கை தேய்ந்தால் அதனை எறியாமல், வெட்டும்போது எடுத்துவைத்த சிறு துண்டை ஒட்டுப்போட்டுத் தைப்பார். அத்துண்டும் அதே கலத்தில் அதே நாளில் சாயம் ஏறியதாதலின், பழைய துணியின் நடுவே அது சற்று ஒளிமிக்கதாய் இருக்கும். ஓரிரு திங்களில் வெயிலும் நீரும் பட்டு, தன் தாய்த்துணியின் நிறத்தோடு அதுவும் ஒன்றிவிடும்.